போர்ட் ஆர்தரும் நார்வா வாயிலும்: 1905-ஆம் ஆண்டு இரஷ்யப் புரட்சி பற்றிச் சில சிந்தனைகள்

1905-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள், மஞ்சூரியாவின் தென்கோடியிலிருந்த போர்ட் ஆர்தர் என்னும் இரஷ்யக் கடற்படைத் தளம் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இருபது நாள் கழித்து, ஜனவரி 22-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பேரரசின் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில், ஒரு குருவானவரின் தலைமையில் மன்னரைக் காணச் சென்ற தொழிலாளர் கூட்டத்தின்மேல் அரசுப் படையினர் சுட்டனர். அந்நாள் 'குருதி ஞாயிறு' எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு முழுவதும் இரஷ்யப் பேரரசை அலைக்கழித்த புரட்சியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் அந்நாளையே கொள்வர். இவ்விரு ஊர்களுக்கும் இடையே எண்ணாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இரயில் பாதை கிடந்தது. மஞ்சூரியா எங்கிருக்கிறது என்றும் அறியாத ஆலைத் தொழிலாளிக்கும் அங்கே வீழ்ந்த கோட்டைக்கும் என்ன தொடர்பு? தொலைவில் நேரும் தோல்வி எவ்வழியாய் நடந்து வந்து தலைநகரின் கதவைத் தட்டுகிறது? இவ்வினாவை அரசியல் நூலார் பலர் ஆராய்ந்துள்ளனர். திருச்சபைப் பணியாளராகிய நாமும் இதனை ஆராய்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அந்தத் தோல்வியிலும் அந்தப் புரட்சியிலும் திருச்சபை வெறும் பார்வையாளராய் இருக்கவில்லை.

(அந்நாளில் இரஷ்யாவில் வழங்கிய நாட்காட்டி நம்முடையதற்குப் பதின்மூன்று நாள் பின்தங்கியது. இங்கே நாட்களை நம் நாட்காட்டிப்படியே தருகிறோம்.)

குறைகள் முன்னரே இருந்தன

தோல்விதான் புரட்சியை உண்டாக்கிற்று என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மக்களின் குறைகள் அனைத்தும் போருக்கு முன்பே இருந்தன. 1861-இல் பண்ணையடிமை நிலையினின்று விடுவிக்கப்பட்ட குடியானவர்கள், தாம் பெற்ற நிலத்துக்கு மீட்புத் தொகையை நாற்பதாண்டு கழித்தும் தவணை தவணையாய்ச் செலுத்திக்கொண்டிருந்தனர். ஆலைகளில் சட்டப்படியே பதினொன்றரை மணி நேர வேலை. வேலைநிறுத்தம் குற்றம். நாட்டுக்கு நாடாளுமன்றம் என ஒன்று இல்லை. போலந்து, பின்லாந்து, காகசஸ் முதலிய பகுதிகளின் மக்கள் தத்தம் மொழிக்காகவும் உரிமைக்காகவும் கசந்த நெஞ்சினராய் இருந்தனர். மாணவர் கிளர்ச்சி, குடியானவர் கலகம், அமைச்சர்களின் கொலை ஆகியவற்றை 1904-க்கு முந்திய ஆண்டுகளிலும் காண்கிறோம்.

ஆயின் இக்குறைகளுக்கெல்லாம் ஆட்சியிடம் ஒரு விடை இருந்தது. 'தனியாட்சி கடுமையானதுதான், ஆயினும் அதுவே நாட்டைக் காக்கும் அரண்' என்பதே அவ்விடை. நாடாளுமன்றம் உள்ள நாடுகள் பேசிக்கொண்டிருக்கும். அபிஷேகம் பெற்ற மன்னரின் நாடு வெல்லும். இதனை அமைச்சர் அறிக்கையில் சொன்னார். பள்ளி ஆசிரியர் பாடத்தில் சொன்னார். குருவானவர் பீடத்தினின்று சொன்னார். உள்நாட்டு அமைச்சர் பிளேவே, புரட்சியைத் தடுக்கச் சிறியதொரு வெற்றிப் போர் தேவை என்று கருதியதாக அவருடைய எதிரியான விட்டே பின்னாளில் எழுதி வைத்தார். பிளேவே அவ்வாறே கூறினாரா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் அவ்வெண்ணம் அன்றைய அரசவையில் புதுமையானதன்று. ஆசிய நாடொன்று ஐரோப்பியப் பேரரசை வெல்லக்கூடும் என அங்கே எவரும் நினைக்கவில்லை.

ஆகவே போர் தொடங்கியபோது ஆட்சி தன் படையை மட்டும் களத்துக்கு அனுப்பவில்லை. தன் ஆளும் உரிமைக்குக் காட்டிவந்த சான்றையும் உடன் அனுப்பிற்று. தோல்வி குறைகளைப் புதிதாய்ப் படைப்பதில்லை. குறைகளுக்கு ஆள்வோர் சொல்லிவந்த விடையை அது பறித்துவிடுகிறது. நம் கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

போர்க்களத்துக்குச் சென்ற திருவுருவப்படங்கள்

1904 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, போரறிவிப்புக்கு முன்னரே, ஜப்பானிய நீர்மூழ்கு குண்டுப் படகுகள் போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற இரஷ்யக் கப்பல்களைத் தாக்கின. இரஷ்யாவின் இடர்ப்பாடு முதலில் தொலைவே. சைபீரிய இரயில் ஒற்றைப் பாதை. பைக்கால் ஏரிப் பகுதியில் பாதையே முடிந்திருக்கவில்லை. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் தண்டவாளம் இட்டுப் பெட்டிகளை இழுத்துச் சென்றனர். ஏரியைச் சுற்றும் பாதை அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் திறக்கப்பட்டது.

இவ்வாறு சென்ற வண்டிகளில் பீரங்கிக் குண்டுகளோடு திருவுருவப்படங்களும் சென்றன. 1903-இல் சாரோவ் நகர் செராபீம் என்னும் துறவி புனிதராக அறிவிக்கப்பட்ட விழாவில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் நேரில் கலந்துகொண்டார். மறு ஆண்டு, களத்துக்குப் புறப்பட்ட படைப்பிரிவுகளை அவர் திருவுருவப்படங்களால் ஆசீர்வதித்து அனுப்பினார். ஜப்பானியர் நம்மைக் குண்டுகளால் அடிக்கின்றனர், நாமோ அவர்களைப் படங்களால் அடிக்கிறோம் என்று முதிய படைத்தலைவர் திராகொமீரவ் கைப்பாய்ச் சொன்னதாக அந்நாளில் எங்கும் பேசப்பட்டது.

இவற்றுள் ஒரு படத்தின் வரலாறு தனியே கூறத்தக்கது. போருக்குச் சற்று முன்னர், முதிய கடற்படை வீரர் ஒருவர் கீவ் நகரின் குகை மடத்துக்கு வந்து, இறைவனின் தாய் விரிகுடா ஒன்றின் கரையில் நிற்பதைத் தாம் காட்சியில் கண்டதாகவும், அக்காட்சியைப் படமாகத் தீட்டிப் போர்ட் ஆர்தருக்கு அனுப்பினால் வெற்றி கிட்டும் என்று கேட்டதாகவும் தெரிவித்தார். பதினாயிரம் யாத்திரிகர் ஆளுக்குச் சில காசுகளாய்க் கொடுத்த காணிக்கையால் அப்படம் தீட்டப்பட்டது. கடற்படைத் தலைவர் மக்காரவ், 1904 ஏப்ரல் 13-இல் தம் கப்பல் கண்ணிவெடியில் மூழ்கியபோது மடிந்தார். படம் விளாடிவஸ்தோக் வரை சென்று அங்கேயே தங்கிவிட்டது, கடல்வழி அடைபட்டிருந்தது. கோட்டை வீழ்ந்தபின், படம் சேராமையே தோல்விக்குக் காரணம் எனப் பக்தர் பலர் நம்பினர். அந்த எளிய மக்களின் நம்பிக்கையை நாம் நகைப்பதற்கில்லை. ஆயின் அந்நம்பிக்கை எவ்விடத்தில் கொண்டு நிறுத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படம் சேராமையால் தோல்வி என்றால், அதைச் சேர்க்கத் தவறியவர் யார் என்னும் வினா அடுத்து எழும். கடற்படை அலுவலகம், அமைச்சர், மன்னர் என அது படிப்படியாக மேலே ஏறும்.

இவ்விடத்தில் 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆப்பெக்கில் பெலிஸ்தரிடம் நாலாயிரம் பேரை இழந்த இஸ்ரவேலின் மூப்பர், ஆண்டவர் நம்மை ஏன் முறியடித்தார் என்று சரியான வினாவையே கேட்கின்றனர். ஆனால் விடைக்குக் காத்திராமல் சீலோவுக்கு ஆளனுப்பி உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்கு வருவிக்கின்றனர். அடுத்த போரில் முப்பதினாயிரம் பேர் விழுந்தனர், பெட்டியும் பிடிபட்டது. நம் இறையியல் வகுப்புகளில் இப்பகுதியைப் பெட்டியைப் பற்றிய இறையியலுக்காகவே பெரிதும் கற்கிறோம். அதன் அரசியலை அவ்வளவாகக் கருதுவதில்லை. ஏலியின் வீட்டார்மேல் மக்களுக்கு இருந்த மனக்கசப்பு இத்தோல்வியால் வந்ததன்று. பலியிட வருவோரின் இறைச்சியை மூன்று கூருள்ள முள்ளால் குத்தி எடுத்துக்கொண்ட ஆசாரியரின் அடாவடியை இரண்டாம் அதிகாரமே கூறிவிடுகிறது. அதை நெடுநாள் பொறுத்த மக்கள், களத்தில் நேர்ந்த முறிவுக்குப்பின் அவ்வீட்டாரின் கீழ் முன்போல் வாழவில்லை. எட்டாம் அதிகாரத்துக்குள் மூப்பர் வேறொரு ஆட்சிமுறையையே கேட்டு நிற்கின்றனர். சீலோவையும் பீட்டர்ஸ்பர்க்கையும் ஒன்றெனக் கொள்ள நாம் முற்படவில்லை. காலமும் சூழலும் முற்றும் வேறு. தூய பொருளைப் போரின் பிணையாக வைப்பவர் தோற்றால், போரை மட்டும் தோற்பதில்லை என்பதைக் காட்டவே இதனைச் சுட்டினோம்.

சுமையும் நாணமும்

தோல்விச் செய்தி வெறுஞ்செய்தியாக வரவில்லை. ஆளாகவும் விலையாகவும் வந்தது. சேமப்படையினரை அரசு அழைத்தபோது, இளைஞரோடு மனைவி மக்களையுடைய நடுவயதினரும் அகப்பட்டனர். ஏர் பிடித்தவன் போனபின் அக்குடும்பத்தின் நிலத்தை யார் உழுவது? 1904-இன் இலையுதிர்காலத்தில் படைசேர்க்கும் இடங்களில் கலகங்கள் நிகழ்ந்தன. கிழக்கே போகும் இரயில் பாதையைப் போர்ச் சரக்கு அடைத்துக்கொண்டபடியால் வணிகம் தடைப்பட்டது. போலந்தின் நெசவாலைகளில் வேலை குறைந்தது. ஆயினும் சுமை மட்டும் மக்களைக் கிளப்பிவிடும் என்று கூற முடியாது. வெற்றி வருமானால் மக்கள் இதைவிடக் கொடிய சுமையையும் பொறுப்பர் என்பதற்கு வரலாற்றில் சான்று பல. அந்தப் போரிலேயே ஜப்பானியக் குடியானவர் சுமந்த வரியும் உயிரிழப்பும் சிறியன அல்ல.

சுமையோடு நாணம் சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. போர்ட் ஆர்தரின் தளபதி ஸ்டெஸ்ஸெல், கோட்டையில் உணவும் குண்டும் மீந்திருக்கையிலேயே சரணடைந்தார் என்பது வெளியாயிற்று. பின்னர், 1908-இல், இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மன்னர் அதைக் குறைத்தார். பால்டிக் கடற்படையின் கதை இதனினும் இரங்கத்தக்கது. போர்ட் ஆர்தரை மீட்கவென 1904 அக்டோபரில் புறப்பட்ட அப்படை, வட கடலிலேயே ஆங்கிலேய மீன்பிடி படகுகளை ஜப்பானியப் படகுகள் என மயங்கிச் சுட்டுப் பழிக்கு உள்ளாயிற்று. ஆப்பிரிக்காவைச் சுற்றி மடகாஸ்கர் சேர்ந்தபோது, தான் மீட்கச் செல்லும் துறைமுகம் வீழ்ந்துவிட்டதைக் கேள்வியுற்றது. திரும்ப அழைக்கும் துணிவு அரசுக்கு இல்லை. இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சிங்கப்பூர் வழியே சென்று, ஏழு மாதப் பயணத்தின் முடிவில் 1905 மே 27, 28 ஆகிய நாட்களில் ட்சூஷிமா நீரிணையில் அது அழிந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் இரஷ்ய மாலுமிகள் மாண்டனர். ஆறாயிரம் பேர் சிறைப்பட்டனர். மூன்றே கப்பல்கள் விளாடிவஸ்தோக் சேர்ந்தன. ஜப்பானியர் இழந்தவை மூன்று சிறு படகுகள். அதற்குமுன் மார்ச்சில் முக்டென் நிலப்போரில் இரஷ்யர் இழந்தோர் தொகை, சிறைப்பட்டோர் உட்பட, தொண்ணூறாயிரம் அளவினது.

கிழக்கத்திய நாடு ஒன்று பெற்ற இவ்வெற்றி நம் நாட்டிலும் உள்ளங்களை அசைத்தது. 1904-இல் டெல்லித் தூய ஸ்தேவான் கல்லூரிக்கு வந்து சேர்ந்த சி. எப். ஆண்ட்ரூஸ், வட இந்தியச் சிற்றூர்களிலும் அது பேசப்பட்டதைத் தாம் எழுதிய நூலில் குறித்துள்ளார். அது தனியே எழுதத்தக்க பொருள்.

மன்னரை நாடிச் சென்றவர்கள்

தோல்விக்கும் புரட்சிக்கும் இடையே நின்றவர் கியோர்கி கபோன் என்னும் இளம் குருவானவர். பொல்தாவா மாவட்டத்துக் குடியானவர் குடும்பத்தில் 1870-இல் பிறந்தவர். சிறைச்சாலைக் குருவாகப் பணியாற்றியவர். தொழிலாளரைப் புரட்சிக் கட்சிகளிடமிருந்து விலக்கிவைக்கக் காவல் துறையின் ஒப்புதலோடு நடத்தப்பட்ட சங்கங்களுள் அவருடையதும் ஒன்று. தேநீர் அறை, நூலகம், குடியொழிப்புச் சொற்பொழிவு, தொடக்கத்தில் இறைவேண்டல் என அமைந்த அச்சங்கம் 1904 பிப்ரவரியில், போர் மூண்ட அதே திங்களில், அரசின் அங்கீகாரம் பெற்றது. கபோன் அரசின் கையாளா, மக்களின் மேய்ப்பரா என்று இன்றும் வாதிடுவோர் உளர். நம் கருத்தில் அவர் இரண்டுமாய் இருக்க முயன்றவர். ஒரு கட்டத்தில் அது இயலாது போயிற்று.

அக்கட்டம் 1905 ஜனவரியில் வந்தது. படைக்கலமும் தண்டவாளமும் செய்த புட்டிலோவ் ஆலையில் சங்க உறுப்பினர் நால்வர் வேலையினின்று நீக்கப்பட்டனர். ஜனவரி 16-இல் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் அந்த வாரத்துக்குள் நகர் முழுவதும் பரவி, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. நாலு பேரின் வேலை ஒரு நகரத்தையே நிறுத்துமா என்று நாம் வியக்கலாம். போர்ட் ஆர்தர் வீழ்ந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது என்பதை நினைவில் வைத்தால் வியப்பு ஓரளவு அகலும். பீரங்கி செய்பவர்களே பீரங்கியின் தோல்வியை முதலில் உணர்பவர்கள்.

மன்னரிடம் அளிக்க எழுதிய விண்ணப்பத்தைப் படித்தால் அதன் இருதன்மை புலப்படும். நடை முழுவதும் பிள்ளைகள் தந்தையிடம் முறையிடும் நடை. கோரிக்கைகளோ எட்டு மணி நேர வேலை, எழுத்துரிமை, பேச்சுரிமை, அனைவரும் மறைவாக வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் அரசமைப்புப் பேரவை. போரை மக்களின் விருப்பப்படி முடித்தல் என்பதும், திருச்சபையை அரசினின்று பிரித்தல் என்பதும் அவற்றுள் இருந்தன. போர் நடந்துகொண்டிருக்கையில் ஒரு குருவானவரின் பெயரால் செல்லும் விண்ணப்பத்தில் இவ்விரண்டும் சேர்ந்து நின்றது தற்செயல் என நாம் எண்ணவில்லை. மன்னரின் போரைத் திருச்சபை ஆசீர்வதித்ததால், போரினின்று விடுபட விரும்பியவர்க்கு அந்தப் பிணைப்பும் இடையூறாய்த் தோன்றிற்று.

ஜனவரி 22 காலை, ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் ஞாயிற்றுக்கிழமை உடையணிந்து, திருவுருவப்படங்களையும் ஜாரின் படங்களையும் ஏந்தி, ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு பல திசைகளிலிருந்து குளிர்கால அரண்மனையை நோக்கிச் சென்றனர். மன்னர் அங்கில்லை, நகருக்கு வெளியே ஜார்ஸ்கொயே செலோவில் இருந்தார். கபோன் நடத்திச் சென்ற அணியை நார்வா வாயிலருகே படையினர் சுட்டனர். நகரின் வேறு இடங்களிலும் அவ்வாறே. அரசுக் கணக்கின்படி இறந்தவர் 130 பேர். வேறு கணக்குகள் பன்மடங்கு கூறுகின்றன. மஞ்சூரியாவுக்குச் சென்ற படங்களும் நார்வா வாயிலுக்கு வந்த படங்களும் ஒரே மரபின் படங்களே. அங்கே அவற்றைப் படை முன்னால் ஏந்திற்று. இங்கே அவற்றின்மேல் படை சுட்டது. இனி ஜார் இல்லை என்னும் பொருள்படக் கபோன் அன்று கதறியதாகக் கூறுவர். அவ்வாறு அவர் கதறினாரோ இல்லையோ, அன்று மாலைக்குள் பல்லாயிரவர் அம்முடிவுக்கு வந்திருந்தனர். அத்திங்களில் பேரரசெங்கும் நான்கு இலட்சம் தொழிலாளருக்குமேல் வேலைநிறுத்தம் செய்தனர்.

ஜனவரி 27-ஆம் நாள் பரிசுத்த சினாடு ஒரு செய்தி விடுத்தது. இறந்தவருக்காக இரங்குவதைவிட, இக்கலகம் நாட்டின் பகைவர் கொடுத்த கைக்கூலியால் வந்தது என்று கூறுவதிலேயே அது கருத்தாயிருந்தது. நேர்மையாகச் சொன்னால், ஜப்பானின் பணம் இரஷ்யப் புரட்சியாளர் சிலருக்குச் சென்றது உண்மையே. அகாஷி என்னும் ஜப்பானியப் படையதிகாரி ஐரோப்பாவிலிருந்து அவ்வேலையைச் செய்தார்; அவர் ஏற்பாட்டில் படைக்கலம் ஏற்றிச் சென்ற கப்பலொன்று அவ்வாண்டின் பிற்பகுதியில் பின்லாந்துக் கரையருகே தரைதட்டி அழிந்தது. ஆனால் நார்வா வாயிலில் பாடிக்கொண்டு வந்தவர்களை எந்தப் பணமும் அழைத்து வரவில்லை. அவர்களுள் பலர் அச்செய்தியைத் தம் பங்குக் கோயிலிலேயே கேட்டிருக்க வேண்டும். தம் உறவினரை அடக்கம் செய்துவிட்டு வந்து, 'உன்னைப் பகைவன் விலைக்கு வாங்கினான்' என்று கேட்பவன் மறுவாரமும் அங்கே வருவானா?

ஏன் அப்போது முடியாட்சி வீழவில்லை?

கோடையில் குடியானவர் பண்ணை மாளிகைகளை எரித்தனர். ட்சூஷிமாவுக்கு ஒரு திங்கள் கழித்து, ஜூன் 27-இல், கருங்கடலில் பொட்டெம்கின் போர்க்கப்பலின் மாலுமிகள் புழுத்த இறைச்சியைக் காரணமாக்கிக் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினர். பால்டிக் படை கடலடியில் கிடந்தது. எஞ்சியிருந்த பெரிய கடற்படையும் மன்னருக்கு எதிராயிற்று. அக்டோபரில் இரயில்வே தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் நாட்டையே முடக்கிற்று. அக்டோபர் 30-இல் மன்னர், சட்டம் இயற்றும் அதிகாரமுடைய 'டூமா' என்னும் பேரவையையும் குடியுரிமைகளையும் வாக்களித்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. மீட்புத் தொகையும் அடுத்த திங்களில் நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இருப்பினும் ஆட்சி தப்பிப் பிழைத்தது. தோல்வி, புரட்சியின் வெற்றியை உறுதி செய்வதில்லை என்பதற்கு இது சான்று. தப்பியதற்கு முதற்காரணம், செப்டம்பர் 5-இல் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் விட்டே செய்து முடித்த உடன்படிக்கை. சக்காலின் தீவின் தென்பாதியும் போர்ட் ஆர்தரும் போயின. ஆனால் போர் நின்றது. களத்திலிருந்த படை மஞ்சூரியாவில் அகப்பட்டுக் கிடந்தது. வீடு திரும்பத் துடித்த சேமப்படையினர் சைபீரிய இரயில் நிலையங்களில் கலகம் செய்தனர். 1906-இன் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து ஒரு தளபதியும் மேற்கிலிருந்து ஒரு தளபதியும் பாதை நெடுகத் தண்டனை அளித்துக்கொண்டு வந்து அதனை மீட்டனர். தலைநகரின் காவற்படைகளோ களம் காணாதவை, தோல்வியைச் சுவைக்காதவை. டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியை நசுக்க அனுப்பப்பட்டது அவற்றுள் ஒன்றே. ஏப்ரலில் பிரான்சு அளித்த பெருங்கடன் கருவூலத்தை நிரப்பிற்று.

இதனை 1917-உடன் ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். முதல் உலகப் போரில், 1915-இன் பெரும் பின்வாங்கலுக்குப்பின், நிக்கோலாஸ் மன்னர் படைத்தலைமையைத் தாமே ஏற்றார். அன்றுமுதல் ஒவ்வொரு தோல்வியும் அவருடையதே. பழிசுமக்க இடையில் ஒரு ஸ்டெஸ்ஸெல் இல்லை. பழைய காவற்படை வீரர் களங்களில் மாண்டு போயிருந்தனர். தலைநகரில் நிறைந்திருந்தவர், களத்துக்கு அனுப்பப்படுவோம் என அஞ்சிய புதுச் சேர்க்கையினர். சுடச் சொன்னபோது ஒருநாள் சுட்டனர். மறுநாள், 1917 மார்ச் 12-இல், மக்களோடு சேர்ந்துகொண்டனர். போர்ட்ஸ்மத்தைப் போலொரு வெளிவழி இம்முறை தேடப்படவும் இல்லை. ஆட்சி மூன்றே நாளில் முடிந்தது.

திருச்சபை கேட்டதும் கிடைத்ததும்

1905-இன் தோல்வி திருச்சபைக்குள்ளும் ஒரு கதவைத் திறந்தது. மகா பேதுரு மன்னர் 1721-இல் மறைமுதல்வர் பதவியை ஒழித்துச் சினாடை நிறுவிய நாள்முதல், இரஷ்யத் திருச்சபை அரசின் துறைகளுள் ஒன்றாயிற்று. சிற்றளவு எதிர்ப்பாயினும் அரசுக்கெதிரான சதியைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் அதை வெளிப்படுத்த வேண்டும் எனக் குருமார் கடமைப்பட்டிருந்தனர். 1880 முதல் பொபெதொனோஸ்ட்செவ் என்னும் சட்ட அறிஞர், அரசு நியமித்த அலுவலராக இருந்து அதை ஆட்டுவித்தார். 1894-ஆம் ஆண்டு ஆணையொன்று தென்னிரஷ்யச் சீர்திருத்தக் கிறிஸ்தவராகிய ஸ்டுண்டிஸ்டுகளை மிக ஆபத்தானவர் எனக் கூறி அவர்தம் கூட்டங்களைத் தடுத்தது. முக்டென் தோல்விக்குப் பின்வந்த உயிர்ப்புப் பெருநாளில், 1905 ஏப்ரல் 30-இல், மன்னர் சமயப் பொறுமை ஆணையைப் பிறப்பித்தார். ஆர்த்தடாக்ஸ் சபையை விட்டு வேறு கிறிஸ்தவ சபைக்குச் செல்வது அன்றோடு குற்றமில்லை ஆயிற்று. நம் சீர்திருத்த மரபினர் இரஷ்யாவில் வெளிப்படையாகக் கூடி வழிபட்டது, ஒரு வகையில், மஞ்சூரியத் தோல்வி தந்த பயனே. இதை எண்ணும்போது நமக்கு முழு மகிழ்ச்சி தோன்றவில்லை. தொண்ணூறாயிரம் பேரின் விலை அது.

பீட்டர்ஸ்பர்க் குருமார் முப்பத்திருவர் திருச்சபைச் சீர்திருத்தம் வேண்டி அவ்வாண்டிலேயே எழுதினர். சபைப் பேராலோசனை ஒன்றைக் கூட்டும்படி சினாடும் வேண்டிற்று. நாடு கொந்தளிக்கும் வேளையில் அது இயலாது என்றார் மன்னர். அக்டோபர் அறிக்கையை அடுத்துப் பொபெதொனோஸ்ட்செவ் பதவி விலகினார். ஆயினும் பேராலோசனை கூடவில்லை. கொந்தளிப்பு அடங்கியபின் அதற்கு அவசரமில்லை என்று கருதப்பட்டது. கபோன் 1905 மார்ச்சிலேயே குருத்துவத்தினின்று நீக்கப்பட்டார். மீண்டும் காவல் துறையோடு தொடர்பு கொண்டதாகக் குற்றஞ்சாட்டி 1906-இல் புரட்சியாளரே அவரைத் தூக்கிலிட்டுக் கொன்றனர்.

பன்னிரண்டாண்டு சென்றது. 1917 மார்ச் 12-இல், முடியாட்சிக்கு ஆதரவாக மக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுமாறு சினாடை அரசு அலுவலர் கேட்டபோது சினாடு மறுத்துவிட்டது. ஐந்து நாள் கழித்து, அதன் கூட்ட அறையிலிருந்த மன்னரின் நாற்காலியை வெளியே தூக்கிச் சென்றனர். 1905-இல் கேட்ட பேராலோசனை 1917 ஆகஸ்ட் 28-இல் மாஸ்கோவில் கூடியது. அது அமர்ந்திருக்கையிலேயே போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தனர். கிரெம்ளின் கோயில்கள் பீரங்கியால் சேதமுற்ற சில நாட்களுக்குள், நவம்பர் 18-இல், சீட்டுப்போட்டு டீகன் மறைமுதல்வராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். திருச்சபையை அரசினின்று பிரிக்கும் ஆணை 1918 பிப்ரவரி 5-இல் வெளியாயிற்று. கபோனின் விண்ணப்பத்தில் அது ஒரு வரியாக இருந்தது. இப்போது அதனோடு, சமய நிறுவனங்களுக்குச் சொத்துரிமை இல்லை என்றும், அவற்றுக்குச் சட்டத்தின்முன் ஆள்நிலை இல்லை என்றும், பள்ளிகளில் சமயம் கற்பிக்கக் கூடாதென்றும் வேறு வரிகள் சேர்ந்திருந்தன.